இடப்பக்கக் கழுத்து

லோகேஸ்வரியின் கழுத்துக்கு வயது ஒன்றல்ல, இரண்டு. வலப்பக்கத்துக்கு நாற்பத்தைந்து என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். இடப்பக்கத்துக்கு அவளுடைய உண்மையான ஐம்பத்தேழோடு இன்னும் பத்தைக் கூட்டிச் சொன்னாலும் நம்பித் தொலைப்பார்கள்.

குற்றவாளி வெயில்தான். லோகேஸ்வரி கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மாணவன் வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து விறுவிறுக்க, அவள் இடப்பக்க இருக்கையில் காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்திருப்பாள். பயிற்சிக் கார் சின்னக் கார். ஏர்கோன் போட்டால் மேட்டில் இழுக்காது. அதனால் ஏர்கோனை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுவாள். அந்த ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, வருஷக்கணக்காக அவள் இடது கையையும் இடது கழுத்தையும் மட்டும் வறுத்துக்கொண்டிருந்தது. கிள்ளானில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள் என்ற பெருமை அவளுக்கு உண்டு. அதை அடக்கி வாசிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அந்தப் பாதிப் பேரில் சேராதவர் அவள் கணவர் கார்த்திகேசு. ரயில்வே டிக்கெட் கௌண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எனக்கு ரயில் இருக்கு, உனக்குக் கார் இருக்கு, அப்புறம் என்ன?" என்று சொல்லியே ஸ்டியரிங்கைத் தொடாமல் அறுபதை எட்டிவிட்டார். எங்கே போனாலும் அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

தை மாதம் அவர்களுக்கு அறுபதாம் கல்யாணம். கார்த்திகேசுவின் அக்கா தங்கமணி தொண்டையில் புற்றுநோய் வந்து இறந்துபோன பிறகு அந்த வீட்டில் நடக்கப்போகும் முதல் விசேஷம் அது. பினாங்கிலிருக்கும் மகள் ஷாமினி எல்லா ஏற்பாட்டையும் போனிலேயே செய்துகொண்டிருந்தாள். லோகேஸ்வரிக்குப் புடவை பற்றிக் கவலையில்லை, சாப்பாடு பற்றிக் கவலையில்லை. பக்கத்து வீட்டுச் சந்திரகலாவின் அறுபதாம் கல்யாண வீடியோவைப் பார்த்த அன்றுதான் கவலை வந்தது. தாலி கட்டும் நேரத்தில் சந்திரகலா தலையைக் குனிகிறாள், யாரோ முடியை ஒதுக்குகிறார்கள், கேமரா நேராகப் போய்க் கழுத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அதே கோயில், அதே மண்டபம். வலப்பக்கம் தூண் இருப்பதால் கேமராக்காரன் நிற்பதற்கு இடப்பக்கத்தைத் தவிர வேறு இடம் கிடையாது.

அன்றே முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்வதில் அவள் எப்போதும் தாமதித்ததில்லை.

யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் அன்றே முடிவு செய்தாள். அதற்கும் காரணம் இருந்தது. பியூட்டி பார்லருக்குப் போகும் பெண்களை "பழைய காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவங்க" என்று குடும்பத்துக்கே கேட்கும்படி கிண்டல் செய்து வந்தவள் அவள். இப்போது தானே போகிறாள் என்று தெரிந்தால் அவர்கள் ஓட ஓட விரட்டுவார்கள். கார்த்திகேசுவிடம் சொல்லலாம்தான். ஆனால் அவர் வாயில் ஒரு செய்தி தங்கினதாகச் சரித்திரம் இல்லை.

"பிரிக்ஃபீல்ட்ஸ் போறேங்க, புடவை பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் பார்க்கிங் கிடைக்காமல் மூன்று பேர் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில், ஒரே வெட்டில் காரைப் பின்னால் நுழைத்து நிறுத்தினாள். பூக்கடைக்கு மேல்மாடியில் டாக்டர் ஹுமைராவின் தோல் கிளினிக். ஹுமைரா கிள்ளான் பெண். லோகேஸ்வரியிடம் ஓட்டப் பழகி, இரண்டாவது முறை பாஸானவள். இன்றைக்கும் அவளுக்கு லோகேஸ்வரி டீச்சர்தான்.

ஹுமைரா விளக்கைத் திருப்பி, கழுத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இன்ஃப்ராரெட் பண்ணலாம் டீச்சர். வெளிச்சம் மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாது. சூடு மேல்தோலைத் தாண்டி உள்ள போகும். அந்தச் சூட்டுல உள்ள தொய்ஞ்சு கெடக்கிற நார் கொஞ்சம் இறுகும், புதுசாவும் வளரும். மேல குளுகுளுன்னு ஒரு கண்ணாடி இருக்கும், அதனால தோல் வேகாது."

"எத்தனை வயசு கொறையும்?"

"வயசு கொறையாது. கறுப்பும் போவாது. தொய்வு கொஞ்சம் இறுகும், அவ்ளோதான். அதுவும் ஒரே நாள்ல இல்ல, மாசக்கணக்குல மெல்ல மெல்லத்தான் தெரியும். சில பேருக்கு ரொம்பக் கொஞ்சம்தான். அப்புறம் காலையில சன்ஸ்கிரீன் போடாம காருல ஏறுனீங்கன்னா எல்லாம் வேஸ்ட் லா."

பொய் சொல்லாமல் வியாபாரம் செய்கிறவளை லோகேஸ்வரிக்குப் பிடிக்கும். சரி என்று தலையாட்டினாள்.

"அப்ப நகையெல்லாம் கழட்டிடுங்க."

தோடு போயிற்று, வளையல் போயிற்று. தாலிச் சங்கிலிமேல் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"இது வேண்டாம் மா. உள்ள தள்ளி விட்டுக்கிறேன்."

"அந்த மெஷின் போற வழியே சங்கிலி கெடக்கிற வழிதான் டீச்சர். தங்கம் சூடாச்சின்னா சங்கிலி அளவுக்கு வரி விழுந்துடும்."

"பித்தப்பை ஆபரேஷன்லகூடக் கழட்டல. பிளாஸ்டர் போட்டு ஒட்டுனாங்க."

"அது வயிறு. இது கழுத்தேதான்." ஹுமைரா நாற்காலியில் சாய்ந்தாள். "பெல்ட் போடாம சாவியைத் திருப்ப விடுவீங்களா நீங்க?"

விட மாட்டாள். ஊரறிந்த விஷயம் அது. ஒரு தடவை எம்.பி.யின் மகனையே பெல்ட் போட மாட்டேன் என்றதற்காக நடுரோட்டில் இறக்கிவிட்டவள். தன் வாக்கே தனக்குக் கண்ணி வைத்துவிட்டதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"எங்க உம்மாவும் கருகமணியைக் கழட்டச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. எனக்குப் புரியுது" என்றாள் ஹுமைரா. "சரி, சங்கிலி பாலிஷ் பண்ண பத்தர்கிட்டக் குடுப்பீங்க இல்ல? அப்ப என்ன பண்ணுவீங்க?"

"மஞ்சக் கயித்துல மஞ்சக் கெழங்கு கோத்துக் கட்டிக்குவோம். சங்கிலி வர்ற வரைக்கும்."

"கயிறுன்னா எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. லூசாக் கட்டிட்டு வாங்க, கீழ இறக்கி விட்டுக்கலாம்."

வழி கிடைத்துவிட்டது. கீழே இறங்கி மஞ்சள் கயிறு வாங்கும்போதுதான் அடுத்த சிக்கல் நினைவுக்கு வந்தது. கயிற்றைத் தானே கட்டிக்கொள்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவளால் முடியாது. கல்யாணமான நாளிலிருந்து சங்கிலி பத்தர் கடைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி அவர்தான் கட்டுவார். அதில் மட்டும் அவள் அவரை மாணவன்போல் விரட்டியது கிடையாது.

அன்று சாயங்காலம் பொய்யைச் சொன்னாள். "கல்யாணத்துக்குச் சங்கிலி பளிச்சின்னு இருக்க வேணாமா? வாசு பத்தர்கிட்ட பாலிஷுக்குக் குடுக்கப் போறேன்." கார்த்திகேசு கை கால் கழுவிக்கொண்டு வந்து, வேட்டி மாற்றி, கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். முடிச்சு இறுகியதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அவளுக்கு உள்ளே ஏதோ குத்தியது. கல்யாணம் முடிந்த பிறகு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று அதைத் தட்டிவிட்டாள். சங்கிலி பத்தர் கடைக்குப் போகவில்லை. பீரோவில் குங்குமச் சிமிழுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது.

சிகிச்சை ஒன்றும் பெரிய வேதனையாக இல்லை. குளிர்ந்த ஜெல் தடவி, கண்ணாடி முனையைக் கழுத்தில் வைத்து அழுத்துவாள் ஹுமைரா. முதலில் ஜில்லென்று இருக்கும். பிறகு இஸ்திரிப் பெட்டியை வேட்டிக்கு மேல் வைத்த மாதிரி ஒரு சூடு, உள்ளுக்குள் ஆழத்தில் எழுந்து அடங்கும். வலப்பக்கத்தையும் விடவில்லை, ஆனால் இடப்பக்கத்துக்குத்தான் கூடுதல் கவனிப்பு. வீட்டுக்கு வரும்போது கழுத்து சிவந்திருக்கும். ஈரத்துணியை ஒற்றிக்கொண்டு, "இன்னிக்கு என்னா வெயிலு" என்பாள். மறுநாள் சிவப்பு போய்விடும். சில வாரம் விட்டு அடுத்த தடவை. சங்கிலி ஏன் இன்னும் வரவில்லை என்று சந்திரகலா கேட்டதற்கு, "பத்தருங்க என்னைக்குச் சொன்ன நாள்ல குடுத்திருக்காங்க?" என்றாள். உலகம் முழுக்க நம்பும் பொய் அது.

ஆனால் கார்த்திகேசு மாறிப்போனார்.

முதலில் அவர் வாய் நின்றது. பிறகு ஒரு நாள் காலையில் அவள் எழுவதற்கு முன்னால் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அறியாத மனிதர். பாசாரில் அவள் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டார். "உக்காரு, நான் மடிக்கிறேன்" என்று துணியை வாங்கிக் கோணல்மாணலாக மடித்தார். வாரத்தில் இரண்டு நாள், "செந்தூல்ல பழைய கூட்டாளிங்களைப் பாத்துட்டு வரேன்" என்று ரயிலேறிப் போய், சட்டை முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டத் திரும்பி வந்தார். நண்பர்களோடு டீ குடித்தால் இப்படியா வியர்க்கும்?

லோகேஸ்வரி கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு அவரும் கேட்பாரே என்ற பயம். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நல்லபடியாக நடத்திக்கொண்டிருந்தார்கள், அது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் ரவாங்கிலிருந்து மலர்விழியின் குரல் செய்தி வந்தது. மலர்விழி அங்கே ஓட்டுநர் பள்ளியில் டீச்சர். லோகேஸ்வரியிடம் தொழில் கற்றவள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஸ்கூல்ல ஒரு அங்கிள் எல் லைசென்ஸ்ல ஓட்டப் பழகுறாரு. வேற டீச்சர்கிட்ட இருந்தாரு, அவரு லீவுன்னு இன்னிக்கு எனக்கு மாத்தி விட்டாங்க. பேரு கார்த்திகேசு, அட்ரஸ் கிள்ளான். உங்க வூட்டுக்காரரா? கிளட்ச்சைப் போட்டு மிதிக்கிறாரு கா, பாவமா இருக்கு."

லோகேஸ்வரி அதை இரண்டு தடவை கேட்டாள். கிள்ளானில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவளின் புருஷன், ஒளிந்து ஒளிந்து ரவாங் வரை ரயிலில் போய், வேறு பள்ளியில் கற்றுக்கொள்கிறான். இதைவிட அவமானம் ஒரு டீச்சருக்கு உண்டா? வண்டியை எடுத்தவள் ரவாங் போய்த்தான் நிறுத்தினாள்.

பயிற்சித் திடலின் மேட்டில் ஒரு சின்னக் கார் ஏறுவதும், மஞ்சள் கோட்டில் நிற்பதும், பின்னால் உருள்வதுமாக இருந்தது. உள்ளே கார்த்திகேசு. மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்திருந்தது. ஸ்டியரிங்கை, ரயில் கம்பியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். லோகேஸ்வரி மேட்டில் விறுவிறுவென்று ஏறி இடப்பக்க ஜன்னலைத் தட்டினாள். மலர்விழி கதவைத் திறந்து இறங்கிக்கொண்டாள். லோகேஸ்வரி ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"செந்தூல் கூட்டாளிங்க நல்லா இருக்காங்களா?"

கார்த்திகேசு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்கிட்ட கத்துக்க என்ன கேவலம் உங்களுக்கு? இத்தனை வருஷமா வேணாம் வேணாம்னுட்டு, இப்ப ஊர் விட்டு ஊர் வந்து..."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

"ஏன்?"

"தெரிஞ்சா, எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடும்."

"என்ன தெரியும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "வாசு கடைக்குப் போனேன் லோகா. புதுத் தாலிக்குச் சொல்லலாம்னு. அப்படியே உன் சங்கிலி ரெடியான்னு கேட்டேன். என்ன சங்கிலிண்ணேன்னு கேக்குறான். பொம்பளைங்க கழுத்துலேருந்து தாலி எறங்குனா, ஒண்ணு பத்தர் கடைக்கு, இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கு. பத்தர் கடையில இல்ல. அன்னிக்கே பாத்தேன், கழுத்து செவந்திருந்துச்சி. நீ ஈரத்துணி வெச்சிக்கிட்டு வெயிலுன்னு சொன்னே. தங்கமணி அக்காவுக்குக் கரண்ட் வெச்சப்பவும் இப்படித்தானே செவந்துச்சி. அக்காவும் மொதல்ல யார்கிட்டயும் சொல்லல. நீயா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன்."

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அவர் கைகளைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றது. ஸ்டியரிங்கை விட்டவை, மடியிலிருந்த மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தன.

"அதுக்கு எதுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கிறீங்க?"

"அக்காவை தினம் நீதான் ஓட்டிக்கிட்டுப் போனே. போற வழியெல்லாம் அவ பக்கத்து சீட்டுல சாஞ்சி கண்ணை மூடிக்குவா. உனக்கு யாரு ஓட்டுவா?"

எதிரில் மேடும், அதற்கு மேல் வெறும் வானமும்தான் இருந்தன. இந்த மனிதர் கஞ்சி காய்ச்சியதும் துணி மடித்ததும் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அழுதாள். நன்றாகவே அழுதாள். கீழே நின்ற மலர்விழி பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்றுகூட நினைக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சத்தியமா ஒண்ணும் இல்ல. கழுத்துத் தோலு தொங்குதுன்னு ஹுமைராகிட்ட சூடு வெச்சிக்கிறேன். தாலி கட்டுறப்ப போட்டோ எடுப்பானே, அதுக்கு. மெஷினுக்குத் தங்கம் ஆகாது. சங்கிலி பீரோவுல இருக்கு."

அவர் நம்பவில்லை. ஹுமைராவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "இன்ஃப்ராரெட்தான் அங்கிள். வியாதியெல்லாம் இல்ல, அழகுக்குத்தான்" என்று டாக்டரே சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது.

"சூடா? கழுத்துக்கா? இத்தனை நாள் நான் தூங்கல லோகா."

"தப்புதாங்க." இந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததை அவரே வியப்பாகப் பார்த்தார்.

அவர் கை நீட்டி, அவள் முகத்தைத் திருப்பி, இடப்பக்கக் கழுத்தைப் பார்த்தார்.

"நீ ஓட்டுறப்ப நான் எங்க உக்காருவேன்?"

"இந்த சீட்டுல."

"அப்ப எனக்கு எந்தப் பக்கம் தெரியும்? ஆயுசு பூரா நான் பாத்தது இந்தப் பக்கத்தைத்தான். இதுதான் எனக்குத் தெரிஞ்ச லோகேஸ்வரி. இதைப் போயி அழிக்கிறியே."

"அழிக்கல. லேசா இஸ்திரி போடுறேன்." அவள் கையைத் தட்டிவிட்டாள், ஆனால் மெதுவாக. "உங்களுக்குப் புடிச்சிருக்கு, சந்தோஷம். போட்டோ எனக்கு. இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கு, அதையும் முடிச்சிட்டுத்தான் வருவேன்."

"நான் வேணாங்கலியே" என்றார் கார்த்திகேசு.

"அப்ப ஹேண்ட்பிரேக்கை எறக்குங்க. கிளட்ச்சை அந்த மிதி மிதிக்காதீங்க, பாதியில புடிங்க. வண்டி லேசா நடுங்கும், அப்ப விடுங்க."

வண்டி நடுங்கியது. பிறகு பின்னால் உருளாமல் மேட்டைத் தாண்டியது.

கடைசிச் சிகிச்சைக்கு அவரும் கூடப் போனார். ஹுமைராவின் மெஷினை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்து, இதில் முழங்கால் வலிக்கு ஏதும் உண்டா என்று கேட்டார். கழுத்துக்கு என்ன ஆயிற்று என்றால், டாக்டர் சொன்னது அப்படியே ஆயிற்று. கறுப்பு போகவில்லை. தொய்வு கொஞ்சம் இறுகியது. கண்ணாடியில் பார்த்தபோது இடப்பக்கம் வலப்பக்கத்துக்கு அக்காவாக இருந்தது, அம்மாவாக இல்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

டெஸ்ட்டில் கார்த்திகேசு இரண்டாவது தடவை பாஸானார். அறுபதாம் கல்யாணத்தன்று காலையில், பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையே காரை எடுத்தார். முன்கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான சிவப்பு 'பி' ஸ்டிக்கர், பக்கத்திலேயே ஷாமினி ஒட்டிய மாவிலை. சந்திரகலா முதல் சொந்தபந்தம் வரை வாசலில் நின்று சிரித்தார்கள். பெயிண்ட் அடித்த கதையையும் கார்த்திகேசு ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். லோகேஸ்வரி எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், சன்ஸ்கிரீன் பூசிய கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இடப்பக்க இருக்கையில் ஏறினாள். அதே இருக்கைதான். ஆனால் வேலை இல்லாமல், மிதிக்கத் தனி பிரேக் இல்லாமல், அதில் சும்மா உட்கார்ந்து போவது அவளுக்கு அதுதான் முதல்தடவை.

கோயில் தெருவுக்குத் திரும்பும் சிக்னலில் வண்டி நின்றது. கார்த்திகேசு அவளைத் திரும்பிப் பார்த்தார். வெயில் படாத வலப்பக்கக் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் பக்கம் யாருன்னே தெரியலையே. புதுப்பொண்ணு மாதிரி இருக்கு."

லோகேஸ்வரிக்கு முகம் சூடாகியது. எந்த மெஷினும் அந்தச் சூட்டை வைத்ததில்லை.

"பச்சை விழுந்திடுச்சி" என்றாள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."